கோர்னி உட்காரும் இடம்

செத்தவர்கள் சாப்பிட வருவதில்லை என்பதை மனிதகுல வரலாற்றில் முதன்முதலாக நிரூபித்தவன் யாசெனிவ்கா கிராமத்து லவ்ரின். பொல்தாவா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் பொடி நிறுத்துப் பொட்டலம் கட்டுவது அவன் வேலை. போன கிறிஸ்துமஸுக்கு, முன்னோர்களுக்கென்று மேசையில் விட்டுவைக்கும் கூத்யாக் கிண்ணத்தைக் கடைத் தராசில் எடைபோட்டான். மறுநாள் காலையில் திரும்பவும் எடைபோட்டான். வெந்த கோதுமையிலும் தேனிலும் ஒன்றும் குறையவில்லை. ஒரு கசகசா அளவுகூட இல்லை. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது, உலகத்துக்குத் தெரிவிப்பதுதான் பாக்கி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அப்பேர்ப்பட்ட அறிஞன் இப்போது விவ்தியாவின் வீட்டு வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டியபடி நின்றான். விவ்தியாவின் மகள் மோத்ரியாவைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. அவள் நினைப்பில் இருமல் பொடிக்குப் பதிலாகப் பேதிப் பொடியைக் கட்டிக்கொடுத்து, ஒரு பாதிரியாரைப் பிரசங்கத்தின் நடுவே ஓடவிட்டவன் அவன்.

மோத்ரியாவுக்குச் சம்மதம்தான். விவ்தியாதான் ஒரு நிபந்தனை வைத்தாள். தேனீ வளர்த்த அவள் கணவன் கோர்னி, கோடையில் வயலில் மரக்கோதுமை பூத்திருந்தபோது இறந்துபோனான். "கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி, புனித விருந்துக்கு வா தம்பி. அவரும் வருவாரு. அவரு சரின்னா சரி" என்றாள். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவள் சொல்லவில்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த பெரிய பரங்கிக்காய் சொன்னது. பெண் தர மனமில்லாத வீட்டில் மாப்பிள்ளை கையில் அதைத்தான் கொடுத்தனுப்புவார்கள். அதைச் சுமந்துகொண்டு ஊர் வழியே நடந்துபோவது, ஆற்றில் விழுவதைவிட மோசம்.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் விளக்கேற்றினார்கள். இந்த மாலையில் யாரையும் தனியாகச் சாப்பிட விடக்கூடாது என்பதால் பக்கத்து வீட்டு நெச்சிபிரும் வந்திருந்தார். புனிதர் படங்களுக்குக் கீழே கோதுமைக் கதிர்க்கட்டு நின்றது. விவ்தியா பெஞ்சைப் பார்த்துக் குனிந்து ஊதிவிட்டு உட்கார்ந்தாள். மோத்ரியாவும் ஊதினாள். நெச்சிபிர் கொல்லன் துருத்தி மாதிரி ஊதினார்.

"எதுக்கு மாமா பலகைய ஊதுறீங்க? சுடுதா?" என்றான் லவ்ரின்.

"யாராச்சும் உக்காந்திருப்பாங்கடா. ஊதினா நகந்துக்குவாங்க. பொத்துனு விழுந்தா நசுங்கிட மாட்டாங்களா?"

"ஆவிக்கு எடையே கிடையாது மாமா. அப்புறம் எப்படி நசுங்கும்? நான் தராசுல பாத்தாச்சு."

"பிரச்சின அவங்க எடை இல்ல, உன் எடை" என்றாள் மோத்ரியா. "ஊதிட்டு உக்காரு."

"வாயில இருக்கிற காத்தை நான் சூப்புக்கு வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, படங்களுக்கு நேர் கீழே மூலையில் பொத்தென்று உட்கார்ந்தான். கோர்னி எப்போதும் உட்காரும் இடம் அது.

விவ்தியா மெழுகுவர்த்தியைக் கையில் எடுத்தாள். ஜெபத்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். லவ்ரின் எழவில்லை.

"எந்திரிப்பா. சாமி கும்பிடணும்."

"எந்திரிக்கத்தான் பாக்குறேன் அத்தை."

நெச்சிபிர் கையைப் பிடித்து இழுத்தார். கோட்டின் தையல் விட்டது, ஆள் வரவில்லை. "தேன் சிந்தியிருக்கும்" என்றான் லவ்ரின். மோத்ரியா பலகையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த பலகை.

"கோர்னி ஒண்ணைப் புடிச்சா விடமாட்டான்" என்றார் நெச்சிபிர். "என் ரம்பத்தை வாங்கிட்டுப் போனவன், சாகுறவரைக்கும் தரல."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் லவ்ரினின் தொடையில் ஒரு அதிர்வு. பிறகு பெஞ்சுக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம். வெயில் நாளில் நிறைந்த தேன்கூட்டின் மேல் காதை வைத்தால் கேட்குமே, அது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் மரக்கோதுமைப் பூவின் வாசம் எழுந்தது. காய்ந்த கதிர்க்கட்டு, வயலில் காற்று புகுந்த மாதிரி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மெழுகுவர்த்திச் சுடர் மட்டும் ஆடவேயில்லை.

விவ்தியா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"வந்துட்டீங்களா" என்றாள், தினமும் சாயங்காலம் கேட்கிற குரலில்.

லவ்ரின் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். எடைபோட அங்கே எதுவும் இல்லை.

மோத்ரியா கதவருகே போய்ப் பரங்கிக்காயின் மேல் கையை வைத்தாள். "எங்க அப்பா மேல உக்காந்திருக்க, லவ்ரின். அவரு வேணாம்னா நான் இதைக் குடுத்துடுவேன். அழுதுக்கிட்டே குடுப்பேன். ஆனா குடுத்துடுவேன்."

லவ்ரின் தொண்டையைச் செருமினான். "விஞ்ஞானப்படி பாத்தா நான் இப்ப ஒரு பலகைகிட்டதான் பேசுறேன்..."

ரீங்காரம் ஏறியது. பல் வரை அதிர்ந்தது.

"மாமா" என்றான் அவசரமாக. "தெரியாம உக்காந்துட்டேன். இல்ல, தெரிஞ்சேதான் உக்காந்தேன். நீங்க இல்லன்னு நெனச்சேன். மன்னிச்சுக்கோங்க. மோத்ரியாவ எனக்குக் குடுங்க. உங்க கூட்டையெல்லாம் குளிருக்கு வைக்கோல் சுத்தி நானே பாத்துக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கத்துக்கிறேன்."

ரீங்காரம் இறங்கியது, தூங்கப்போகிற கூடுபோல மெல்ல மெல்ல அடங்கியது. எடைக்கல்லை எடுத்த தராசுத் தட்டு மாதிரி லவ்ரின் எழும்பினான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு தேனீ நின்றது. உயிருள்ள தேனீ, கால்களில் மஞ்சள் மகரந்தம். அது பறந்து மோத்ரியாவின் பின்னலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. பிறகு திரும்பிவந்து மூலையில் தன் இடத்திலேயே இறங்கியது. நெச்சிபிர் சிலுவை போடக் கையைத் தூக்கி, எந்தத் தோளை முதலில் தொடுவது என்பதை மறந்து அப்படியே நின்றார்.

விவ்தியா கதவருகே போனாள். பரங்கிக்காயை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இது எதுக்கு வழியில கெடக்கு" என்று அவள் அதை அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள். "நாளன்னிக்குக் கஞ்சிக்கு ஆகும்."

மோத்ரியா சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெபம் முடிந்தது. "உக்காருங்க, கூத்யா ஆறுது" என்றாள் விவ்தியா.

லவ்ரின் சுற்றுமுற்றும் பார்த்தான். நெச்சிபிர் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் ரொட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் குனிந்து, தராசுத் தட்டில் தங்கிய கடைசித் துளிப் பொடியை ஊதுவதுபோல, பெஞ்சின் மேல் மெதுவாக ஊதினான்.

தேனீ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.