பதினொரு மணிப் பரிசோதனை

“அந்தக் காலைத் தொடாதீங்க,” என்றாள் மகள்.

சவப்பெட்டி கொண்டுவந்திருந்த பெட்டிக்காரர் நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். கட்டிலில் அப்பாவின் இடது கால் நேராக நீண்டு கிடந்தது. வலது கால் மட்டும் முழங்காலில் மடங்கி, போர்த்தியிருந்த துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது.

“அழுத்தி விட்டாத்தாம்மா மூடி உட்காரும். நேரம் ஆக ஆக இன்னும் விறைச்சுக்கும்.”

“பதினொரு மணிக்கு டாக்டர் வர்றார். அவர் பார்த்துடட்டும். அப்புறம் என்ன வேணா பண்ணுங்க.”

“டாக்டரா? இனிமே எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எதற்கென்று அந்தக் குடியிருப்புக்கே தெரியும். ‘பட்டாளத்தார்’ என்று எல்லோரும் கூப்பிட்ட அப்பா, ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். ஒருமுறை சரிந்த லாரியிலிருந்து குதித்ததில் வலது முழங்கால் போயிற்று. ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு மனுப் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது. முதல் பரிசோதனையில் மருத்துவர் “நிமிர்ந்து நில்லுங்க” என்றதும், இந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு அணிவகுப்பில் நிற்பதுபோல விறைப்பாக நின்றுவிட்டார். குறை ஏதுமில்லை என்று எழுதிவிட்டார்கள். பட்டாளத்தை விட்டு அவர் வந்துவிட்டார், அது அவரை விட்டபாடில்லை.

மேல்முறையீட்டுப் பரிசோதனைக்கு முன்னால் மகள் ஒரு வாரம் பாடம் நடத்தினாள். “வலிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வலிக்குதுன்னு சொல்லிடுங்கப்பா. அங்க போய் வீராப்புக் காட்டாதீங்க.” எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். உள்ளே போய் மருத்துவர் காலை மடக்கியதும் சொன்னபடி “வலிக்குது சார்” என்றார். அடுத்த மூச்சிலேயே, “இன்னும் வலிக்கல சார். முன்னாடியே சொல்லணும்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா” என்றார். குறிப்பெழுதிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ‘குடும்பத்தாரின் தூண்டுதலால் மனுதாரர் வலியை மிகைப்படுத்துகிறார்.’ அப்பா இரண்டு முறை படித்தார். “நான் உண்மையத்தானே சொன்னேன்?” என்று மட்டும் கேட்டார். மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் வலி என்ற சொல்லையே அவர் எடுத்ததில்லை.

மூன்று மாடி இறங்க முடியாதவர் என்பதால், கடைசி முறையீட்டுக்கு மருத்துவரை வீட்டுக்கே அனுப்ப அலுவலகம் ஒப்புக்கொண்டது. அந்த நாள்தான் இன்று. போட்டுக்கொள்ள எடுத்து வைத்த சட்டை நாற்காலியில் இருந்தது. காலையில் மகள் தேநீரோடு போய் எழுப்பினாள், எழுந்திருக்கவில்லை. உள்ளூர் மருத்துவர் வந்து, தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்றார்.

அவர் போனாலும் அம்மா வழக்கைத் தொடரலாம். ஆனால் அவர் இறந்த தகவல் அலுவலகத்துக்குப் போகும்வரை கோப்பில் சேர்ந்த காகிதங்களை வைத்துத்தான் தீர்ப்பு. அந்தக் கோப்பில் இருப்பது ‘மிகைப்படுத்துகிறார்’ என்ற அந்த ஒரு சொல்தான். அதனாலேயே மகள் இன்னும் அங்கே தகவல் சொல்லவில்லை.

தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். “உங்கப்பா பொய் சொல்றவருன்னு எழுதி வச்சிருக்காங்க. அதை மாத்திடு. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

அலுவலகம் அனுப்பிய மருத்துவர் படியேறி மூச்சு வாங்கியபடி வந்தார். வயதானவர். கட்டிலைப் பார்த்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“எப்போம்மா?”

“காலைல.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே.”

“பண்ணியிருந்தா வந்திருக்க மாட்டீங்க.”

“இறந்தவரைப் பரிசோதிக்கறதுக்கு விதி இல்லம்மா.”

“விதியெல்லாம் இருக்கட்டும் சார். ரெண்டும் செத்த கால்தான். ஒண்ணு நீட்டியிருக்கு, ஒண்ணு மடங்கியிருக்கு. கண்ணால பாக்கறதை எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்.”

அவர் குனிந்து துணியை விலக்கினார். கோணம் அளக்கும் கருவியைக்கூடப் பையிலிருந்து எடுத்துவிட்டார். அம்மா பாதி எழுந்தாள்.

“முழங்காலுக்குக் கீழே தலையணை இருக்கே?”

“அது இல்லாம அப்பாவால படுக்க முடியாது. நான்தான் தினமும் வச்சு விடுவேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருந்தாள்.

மருத்துவர் கருவியை மடக்கினார். “தலையணை மேல இருக்கற கால் அப்படியேதாம்மா விறைக்கும், யார் காலா இருந்தாலும். நான் எழுதினாலும் இதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“நீங்க நம்புறீங்களா சார்?”

“நம்புறேன்.”

“அதை எழுத அந்தத் தாள்ல இடம் இருக்கா?”

அவர் உண்மையாகவே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், ‘பரிசோதனை நடைபெறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை மேசைமேல் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மகளுக்குத் தன் கையையே வெட்டிப் போடலாம் போல இருந்தது. வாயால் ஒரு முறை கெடுத்தாள், தலையணையால் ஒரு முறை. இரண்டும் அவர் நன்றாக இருக்கவேண்டும் என்று செய்தவைதான்.

“இன்னும் ஆழமான பெட்டி கிடைக்காதா?” என்று அம்மா கேட்டாள்.

“சொல்லிச் செய்யணும்மா. நாளைக்குத்தான் வரும்.” பெட்டிக்காரர் மகளைப் பார்த்தார். “இப்போ பண்ணிடவா?”

“நீங்க விடுங்க. நானே பண்றேன்.”

தலையணையை உருவி எடுத்தாள். குதிகாலுக்கு அடியில் ஒரு கையும் முழங்கால் மேல் ஒரு கையும் வைத்தாள். ஒவ்வொரு மாலையும் தைலம் தேய்த்து இப்படித்தான் நீட்டி விடுவாள். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கமாட்டார். தாங்க முடியாத இடம் வந்தால், கட்டில் விளிம்பை இரண்டு விரலால் மெல்லத் தட்டுவார். அவள் அங்கேயே நிறுத்திவிடுவாள்.

அழுத்தினாள். வழக்கமாக நிறுத்தும் இடம் வந்தது.

“இன்னும் கொஞ்சம்மா,” என்றார் பெட்டிக்காரர்.

அவள் அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். உள்ளே எதுவோ விட்டுக்கொடுத்தது. குதிகால் மெத்தையைத் தொட்டது. பெட்டிக்காரர் மூடியை எடுத்துவரப் போனார். அவள் கையை எடுக்காமல், விரல்களையே பார்த்தபடி நின்றாள்.