மித்ஹத்தின் நாற்பத்து மூன்று நிறங்கள்

மனிதன் என்றைக்குப் பொருள்களை இனம் பிரித்துப் பெயர் வைத்தானோ, அன்றைக்குத்தான் அவன் மனிதன் ஆனான். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்தறியும் ஒளிக்குப் பெயர்தான் நாகரிகம்.

மித்ஹத் இதைச் சொன்னபோது, சதுர அடைப்புக்குறிக்குக் கத்தரிக்காய் நிறமா திராட்சை நிறமா என்பதே பிரச்சினையாக இருந்தது. எதிரே, கூட வேலைபார்க்கும் நக்லாவின் வாய் நிறைய தஅமிய்யா என்ற பயறு வடை சாண்ட்விச். அதனால் நாகரிகம் பதிலின்றி நின்றது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஓர் எடிட்டர் தயாரித்துக்கொண்டிருந்தது அவர்களுடைய சிறிய கெய்ரோ நிறுவனம். கட்டளைக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒரு நிறம், மேற்கோளுக்குள் இருப்பதற்கு ஒரு நிறம் என்று எடிட்டர் தானாகவே பூச வேண்டும். எதெது தனி இனம் என்று முடிவுசெய்வது மித்ஹத்தின் வேலை. ஊர் உலகம் எட்டோ பத்தோ இனங்களோடு காலம் தள்ளுகிறது. மித்ஹத் நாற்பத்து மூன்று கண்டுபிடித்திருந்தார். மாறும் பெயர் ஓர் இனம். மாறாத பெயர் ஓர் இனம். மாறாது என்று சத்தியம் செய்துவிட்டு மாறும் பெயர் தனி இனம். திறக்கும் அடைப்புக்குறியும் மூடும் அடைப்புக்குறியும் அவருக்கு ஒன்றல்ல. முன்னதில் நம்பிக்கை இருக்கிறதாம், பின்னதில் பொறுப்பு.

அதே வேலையை நக்லாவும் தன் பங்குக்குச் செய்தாள்; ஒரே பிற்பகலில் ஐந்து இனம் பிரித்து வைத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விட்டாள்.

முதலாளி ராஃபத் பாஷா இரண்டையும் பார்த்தார். "எனக்கு ரெண்டுமே அழகாத்தான் இருக்கு. இன்சூரன்ஸ்காரங்க நம்ம எடிட்டரை வாங்கப்போறாங்க. அங்க மதாம் சுஹேர் எதைக் கை காட்டுறாங்களோ அது உள்ள போகும். இன்னொண்ணு குப்பைக்கு."

குப்பை என்ற சொல் மித்ஹத்தை உட்கார விடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் ஜன்னலுக்குப் போனார், ஜன்னலில் எதிர்வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்து இரண்டு பச்சைகளை மாற்றினார். மாற்றியதை மதியம் பழையபடி வைத்தார். சாயங்காலம் மறுபடி மாற்றினார். ஒன்றரை வருட உழைப்பு. மாமனார் வீட்டில் வேறு 'நிறங்களின் பொறியாளர்' என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த நாளும் வந்தது. அக்டோபர் பாலத்தில் வண்டிகள் உறைந்து கிடந்தன.

"பாஷ்முஹந்திஸ், காலை ஆட்டாதீங்க. டாக்ஸியே ஆடுது," என்றாள் நக்லா. பாஷ்முஹந்திஸ் என்றால் தலைமைப் பொறியாளர். மின்விசிறி மாட்ட வருகிறவரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மித்ஹத் மட்டும் அதைப் பட்டமாக எடுத்துக்கொள்வார்.

"உனக்கென்னம்மா, அஞ்சே அஞ்சு. தோத்தாலும் அஞ்சுதான் போகும்."

"ஜெயிச்சா உங்களுக்கு நாப்பத்து மூணு மெடலா?"

இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கணினிப் பிரிவை இருபது வருடமாக ஆண்டுவந்த மதாம் சுஹேர், எல்லோருக்கும் சர்க்கரை தூக்கலாகத் தேநீர் வரவழைத்தார். மித்ஹத் எழுந்து நின்று, "மனிதன் என்றைக்குப் பொருள்களை..." என்று தொடங்கினார்.

"மனுஷனை விடு ஹபீபி," என்றார் ராஃபத் பாஷா. "அவங்க ஃபைலைத் திற."

பிரீமியம் கணக்கிடும் நிரல் சுவர்த்திரையில் விரிந்தது. அடடா! மேலிருந்து கீழ்வரை நிறங்கள் கொட்டின. கத்தரிக்காய், திராட்சை, மாதுளை எல்லாம் ஒரு கல்யாணப் பந்தல்போல மின்னின. ராஃபத் பாஷா வாயைத் திறந்தபடி இருந்தார். மித்ஹத் அந்த வாரத்தில் முதல்முறையாக நாற்காலியில் முழுதாகச் சாய்ந்தார்.

மதாம் சுஹேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாருக்குப்பா, கண்ணுக்கு விருந்துதான். இதுல ஓடுறது எது?"

"எல்லாமே ஓடுறதுதான் மதாம்."

"பயமுறுத்தாதேப்பா. ஓடுறது இதுல பதினஞ்சு வரி இருந்தா அதிகம். மிச்சமெல்லாம் செத்தது. நாங்க பழைய வரியை அழிக்கிறதில்ல. கமென்ட் ஆக்கி வெச்சிடுவோம்."

கமென்ட் என்பது கணினி படிக்காமல் தாண்டிப்போகும் வரி. மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் எழுதப்படுவது.

"ஏன் அழிக்கிறதில்ல?" என்று கேட்டாள் நக்லா.

"அழிக்கணும்னா யாராவது கையெழுத்துப் போடணும் கண்ணு. நாளைக்கு ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? நீ போடுறியா?" மதாம் திரையில் ஒரு வரியைத் தொட்டார். "இதைப் பாரு. 'கமால் லீவு முடிஞ்சு வர்ற வரைக்கும் இதைத் தொடாதே'ன்னு எழுதியிருக்கு. இதுல கமால் மட்டும் ஏன் ஊதாவா இருக்காரு?"

மாறாது என்று சத்தியம் செய்துவிட்டு மாறும் பெயருக்கான ஊதா அது.

"கமால் வந்துட்டாரா?" என்றார் ராஃபத் பாஷா.

"வந்து, ரிட்டயரும் ஆயிட்டார்."

மித்ஹத் எழுந்து புரொஜெக்டர் வயரைப் பிடுங்கிச் செருகினார். ஃபைலை மூடித் திறந்தார். கமால் ஊதாவாகவே இருந்தார். நக்லா அதே ஃபைலைத் தன் மடிக்கணினியில் திறந்து திருப்பிக் காட்டினாள். அதில் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், நடுவே அங்கங்கே நாலைந்து பளிச்சென்ற வரிகள்.

"இதோ! உயிரோட இருக்கிறது இப்பத் தெரியுது பாருங்க," என்றார் மதாம் சுஹேர், நக்லாவின் பக்கம் கையைக் காட்டி.

"உன்னுதுல கமென்ட்டுக்கு எந்த நிறம், மித்ஹத்?" என்று கேட்டார் ராஃபத் பாஷா.

மித்ஹத் விரல்விட்டு எண்ணினார். உதடுகள் அசைந்தன. முப்பதைத் தாண்டி எங்கோ தடுமாறி, முதலிலிருந்து மறுபடி எண்ணினார். தேநீர் ஆறிப்போயிற்று.

அவர் தன்னுடைய நிரல்களைக் கொண்டுதான் அத்தனை நாளும் சோதித்துவந்தார். தன் நிரலுக்கு விளக்கம் தேவையில்லை என்று அவர் ஒரு கமென்ட்கூட எழுதுவதில்லை. நாற்பத்து மூன்றில் கமென்ட் என்று ஓர் இனம் இல்லை.