வீட்டோடு வாங்கியது

“ஏம்மா, அக்ரிமென்ட் போட்டது பழைய ஓனர்கிட்ட. அவரையே போய்க் கேளு!”

“வீட்டை மட்டுமா வாங்குனீங்கண்ணே? உள்ள இருக்கிற எங்களையும் சேத்துத்தான் வாங்குனீங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.”

எதிர்மாடியில் நான், எப்போதோ காய்ந்துவிட்ட துண்டை மூன்றாம் தடவையாக உதறிக்கொண்டிருந்தேன். புது ஓனர் மாடிக்குக் குடிவந்து இன்னும் மூட்டைகூடப் பிரிக்கவில்லை; அதற்குள் கீழ்வீட்டுத் தையல்காரியைக் காலி பண்ணச் சொல்லி வாசலில் நிற்கிறார். மச்சானுக்குக் கடை வைக்க இடம் வேண்டுமாம். அவளோ கழுத்தில் தொங்கிய டேப்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தாள், விட்டால் அவரையே அளந்துவிடுவாள் போல. வாய் என்னவோ நீளம்தான். உள்ளே இருந்த பயம் எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது. இந்த உலகத்தில் அந்த வீட்டுக்குள் மட்டும்தான் அவர் சுவரைத் தொடாமல் நடப்பார்.

ஓனர் வக்கீலிடம் ஓடினார். “வீடு கைமாறுனா குடித்தனம் கலையாது சார். கெடு முடியட்டும்” என்று அவரும் கையை விரித்துவிட்டாராம். ஓனரின் மாமியார் சொன்னது; நானாகக் கேட்கவில்லை, காய்கறிக் கடையில் அவர்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

சட்டம் வளையவில்லை என்றதும் ஓனருக்குக் கை அரித்தது. மறுநாள் காலை, படிக்கட்டடியில் ‘கீழ்வீடு’ என்று எழுதியிருந்த பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பெட்டியில் பெயின்டர் மேல்வீட்டையும் கீழ்வீட்டையும் மாற்றி எழுதிவிட்டுப் போனது தெருவுக்கே தெரியும். திருத்த யாருக்கும் தோன்றவில்லை. அவரிடம் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

கீழே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் மோட்டார் நின்று, குழாய் வெறும் காற்றை விட, தலை நிறைய நுரையோடு மாமியார், “மாப்ளே!” என்று போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது.

“கரண்ட் போயிடுச்சாம்மா?” என்றார் தையல்காரியின் அப்பா, கூடத்தில் நடந்தபடியே.

“நமக்கு இல்லப்பா.”

“எனக்கு எப்பவும் ஒரே வெளிச்சந்தான்.”

பெட்டியைச் சரிபார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், சட்டை அளவு கொடுக்க வந்தான், பிறகு சட்டை வாங்க வந்தான், பிறகு சும்மாவே வந்தான். இப்போது அவனும் கீழ்வீட்டில்தான் இருக்கிறான், பெரியவருக்கு மாப்பிள்ளையாக. ஓனர் வீட்டை விற்றுவிட்டு மாமியார் ஊருக்கே போய்விட்டார். மச்சான் என்ன ஆனான் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரியின் கெடு முடியப் போகிறது. வீட்டை வாங்கியவர் இன்று காலை வந்து வாசலில் நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார். உள்ளே பெரியவர் கையை வீசி நடக்கிறார். மெஷின் சத்தம் நின்றிருக்கிறது.

துண்டை நனைத்துப் பிழிந்துகொண்டு மாடிக்கு ஓடுகிறேன்.