பனிக் கால்சட்டையின் இடது கால்

1

இந்தக் கதை ஒரு துணிக்கொடியில் ஆரம்பித்தது. எதிர்க் கட்டடத்து மாடியில் யாரோ தடித்த வெள்ளைக் கால்சட்டை ஒன்றைக் காயப் போட்டிருந்தார்கள். பனிமலைச் சண்டைக்காகச் சிறப்புப் படையினருக்குத் தருவது அது என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அன்று பகலில் காற்றே இல்லை. பக்கத்தில் துண்டும் தலையணை உறையும் சும்மா தொங்கிக்கொண்டிருக்க, அதன் இடது கால் மட்டும் மெல்ல ஆடியது. போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும். அப்புறம் கதைக்கு என்ன வேலை?

முதல் வரிகள் எழுதிப் பார்த்தேன்.

"அவன் குளிரைச் சேகரித்தான்." (கவிதை வாடை. வேண்டாம்.)

"ஒரு ஊரில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்…" (பரவாயில்லை. ஊரை மட்டும் எடுத்துவிடலாம்.)

2

ஆக, லிஃப்ட் மெக்கானிக். ராணுவச் சாமான் சேகரிக்கிறவர்கள் கத்தி, தொப்பி, பதக்கம் என்று அலைவார்கள். இவனுக்குச் சிறப்புப் படைகளின் குளிர்காலக் கால்சட்டை மட்டும் போதும். கூட்டாளிகள் 'அரை ஆள்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

"சட்டையில பேரு, பட்டைன்னு எத்தன பொய் வேணாலும் தைக்கலாம்," என்பான். "முட்டி மடிஞ்ச விதத்த யாராலயும் தைக்க முடியாது. அது போட்டவனோடது."

அதனால் துவைக்க மாட்டான், இஸ்திரி போட மாட்டான். போட்டும் பார்க்க மாட்டான். போட்டால் துணியில் தன் முட்டி பதிந்துவிடும் என்று பயம்.

[ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, புதிதாக வாங்கிய வெள்ளைக் கால்சட்டையை மட்டும் போட்டுப் பார்த்தான். இடது கால் —]

இந்த வரியைப் பாதியிலேயே அடித்துவிட்டேன். அவன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

3

மனைவி விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் சும்மா முணுமுணுக்கிறவளாக எழுதினேன், கதைகளில் மனைவிமார் அதற்கென்றே பிறந்தவர்கள்போல. வெட்கமாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ஆக்கினேன். நாள் முழுக்க அடுத்தவர் கால்களை மடக்கி நீட்டுகிற வேலை. அதன்பிறகு அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

புதிதாக வாங்கிய கால்சட்டை ஹேங்கரில் தொங்கியது. ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இதப் போட்டவரு இடது கால இழுத்து நடந்திருக்காரு. இடுப்புலேர்ந்தே பிரச்சன."

அவனுக்குக் குஷி தாங்கவில்லை. "பாத்தியா! முட்டி பேசும்னு சொன்னேன்ல?"

மறுவாரம் அவன் சமையலறைக்குள் நடந்து வந்தபோது, அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நில்லுங்க. திரும்பிப் போய் மறுபடி நடந்து வாங்க."

நடந்து வந்தான். இடது கால் இழுபட்டது.

"அதப் போட்டீங்களா?"

"சத்தியமா போடலம்மா. போட்டா எனக்கே தெரியாதா?"

அவள் குனிந்து கணுக்காலைத் தொட்டாள். "அப்புறம் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவன் பொய் சொல்லவில்லை. அடித்த வரிக்குள் போட்டான். அவனுக்கு அது நினைவிருக்க வழியில்லை. ஆனால் கழற்றினான் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. இதைக் கண்டுபிடித்ததும் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்துப் பார்த்தேன்.

4

இதைச் சரிசெய்யப் பார்த்தேன்.

அவன் கால்சட்டையைப் பார்சல் கட்டி, விற்றவருக்கே திருப்பி அனுப்புகிறான். மறுநாள் லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறான், அடுத்த அடி எடுத்து வைக்கும்போது இடது கால் —

அவள் அதை மொட்டை மாடியில் வைத்துக் கொளுத்துகிறாள். கீழே அவன் "கால் எரியுது" என்று —

இரண்டையும் நிறுத்திவிட்டேன். தொடரவும் பயம், அடிக்கவும் பயம்.

5

கழற்ற வேண்டுமானால், முதலில் கால்சட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி அவன் உடம்பில் இருக்க வேண்டும். அதனால் எழுதினேன்: அவள் வேலை முடிந்து வருகிறாள். சோபாவில் அவன் தூங்குகிறான், அந்தக் கால்சட்டையோடு.

"ஏங்க… எந்திரிங்க."

எழவில்லை. அந்த மாதிரிக் கால்சட்டைகளில் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஜிப் உண்டு. போட்டவன் எழ முடியாமல் கிடந்தாலும் கழற்றிவிடலாம். அவள் மண்டியிட்டு வலது பக்கத்தைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த கால்தான், கெண்டைக்காலில் பழைய தழும்போடு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இடது பக்கம் திறக்குமுன், தொழில் பழக்கத்தில், துணிக்கு மேலேயே தொடையை அமுக்கிப் பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. வலிக்கிறது என்று எத்தனையோ முறை அவள் மடியில் நீட்டிய கால், அவள் கைக்குத் தெரியாதா? இது அது இல்லை. விரலுக்கடியில் தசை மெல்ல இறுகியது.

அவள் கணவன் முகத்தைப் பார்க்கவில்லை. முட்டியைப் பார்த்துக் கேட்டாள்:

"யாருங்க நீங்க?"

இதற்குமேல் என்னால் ஆகாது. நான் எழுதினால் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டீர்கள். திறந்தால் உள்ளே அவள் கணவனின் கால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஜிப் அவள் விரலில் இருக்கிறது. திறப்பதா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். சோபாவில் யாரோ எழுந்திருக்கப் பார்க்கிறார்.