நாலாயிரம் மணித்தியாலம்

செத்தவீட்டுக்குப் போய் வருகிறவர் குளிக்காமல் வீட்டுக்குள் காலடி வைப்பதில்லை. பிரகலாதன் அந்தக் கிழமையில் மூன்றாவது தடவையாகக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இறந்த மூவரில் ஒருவர்கூட அவனுக்கு உறவில்லை. உரும்பிராயில் அவனுக்கு ஒரு சிறிய ஸ்ரூடியோ இருக்கிறது. முன்பு கலியாண வீடியோ எடுத்தான். ட்ரோன் வைத்திருக்கும் இளம் ஆட்கள் வந்தபிறகு கலியாணங்கள் அவர்களிடம் போய்விட்டன. அவனுக்கு மிஞ்சியது யூடியூப்பில் செத்தவீடுகளின் நேரலை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற பிள்ளைகளும் மருமக்களும் கைபேசியில் பார்ப்பதற்காகப் பந்தலின் ஓரத்தில் ஐந்து மணித்தியாலம், ஆறு மணித்தியாலம் நிற்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதுகு அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

"ஆளொண்டு வந்து நிக்குது," என்று மனைவி துஷாந்தினி துவாயை நீட்டினாள். "ஆழ்வாப்பிள்ளையற்றை மகள் சுபாஜினி."

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். துவட்டுவதற்கு வேண்டியதைவிடக் கூடிய நேரம் எடுத்துக்கொண்டான்.

சுபாஜினி வாசலிலேயே நின்றாள். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கடை மூடியதும் நேரே வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பில் கோதுமை மா படிந்திருந்தது.

"அண்ணை, அந்த வீடியோவை யூடியூப்பிலையிருந்து எடுத்துவிடுங்கோ."

"அந்தத் துண்டை மட்டும் வெட்டலாமோ எண்டு பாத்தனான், சுபா. ஆறு மணித்தியாலத்துக்கு மேலை போனதை வெட்ட யூடியூப் விடாது. உங்கடை ஆறு மணி பன்னிரண்டு நிமிசம்."

"பெரியண்ணான்ரை வான் பிந்தினபடியால்."

"ஓம். அவருக்காகத்தான் நிப்பாட்டாமல் ஓடவிட்டனான்."

சென்ற வருடம் ஒக்ரோபர் ஏழாம் திகதி அவளுடைய தகப்பனின் செத்தவீடு. கனடாவிலிருந்து வந்த மூத்த மகன் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் பிந்தி வந்து, பந்தலுக்குள் கால் வைத்ததும் எல்லாருக்கும் கேட்க ஒரு கேள்வி கேட்டான்: "அப்பாவை ஏன் நேரத்தோடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேல்லை?" ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்தவரைப் பராமரித்த சுபாஜினி நான்கு நிமிடம் கத்தினாள். "பீ மூத்திரம் அள்ளினது நான். நீங்கள் போனிலை தலை தடவினனீங்கள்!" என்பது அதில் ஒரு வரி. அடுத்த நாளே ஆரோ அந்தத் துண்டை வட்ஸ்அப்பில் போட, சனம் முழு வீடியோவையும் தேடி வந்து பார்த்தது. கீழே பின்னூட்டங்களில் பாதிப்பேர் அவளைத் தெய்வம் என்றார்கள். மற்றப் பாதி எழுதியதை அவள் படித்திருந்தாள்.

"சங்கத்துக்குச் சீனி வாங்க வாறவையும் முகத்தைப் பாத்திட்டுச் சிரிக்கினம். அது பறவாயில்லை," என்றாள். "இந்த மாசம் இருபத்தாறாம் திகதி அப்பான்ரை ஆட்டைத் திவசம். அந்த வீடியோ கிடக்குமட்டும் வாசல் மிதிக்க மாட்டன் எண்டு பெரியண்ணா சொல்லிப்போட்டார். தலைமகன் இல்லாமல் ஆர் பிண்டம் வைக்கிறது?"

பிரகலாதன் கைபேசியைத் திறந்து காட்டினான். விளம்பரக் காசு கிடைப்பதற்கு ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணித்தியாலம் சனம் பார்த்திருக்கவும் வேண்டும். ஆயிரம் பேர் சுலபமாகச் சேர்ந்தார்கள், ஒரு செத்தவீட்டுக்கு முப்பது நாற்பது சொந்தக்காரராக. மணித்தியாலங்கள்தான் மூன்று வருடமாகச் சேரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் பல குடும்பங்கள் வீடியோவை மறைக்கச் சொல்லும். மறைத்தால் அதன் மணித்தியாலங்களும் கணக்கில் இல்லாமல் போகும். ஒரு வருடம் கடந்தவை தாமாகவே ஒவ்வொரு நாளும் கழிந்துகொண்டிருக்கும்.

"மூவாயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு. இன்னும் எண்பத்தெட்டுத்தான். இவ்வளவு கிட்ட நான் வந்ததில்லை, சுபா."

"அதிலை என்ரை எவ்வளவு?"

"ஆயிரத்து நாநூற்றிப் பதின்மூண்டு."

அவள் அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "அதுக்குள்ளை விளம்பரம் போடுவாங்களோ? அப்பா கிடக்க, பக்கத்திலை சவர்க்காரம்?"

"எந்த வீடியோவுக்குப் போடுறது எண்டு நான்தான் சொல்லுறது. உங்கடைக்குப் போடமாட்டன். ஒருக்கால் விளம்பரத் திட்டத்துக்குள்ளை எடுத்திட்டாங்களெண்டால் பேந்து மறைச்சாலும் பிரச்சினையில்லை. எனக்கு இருபதாந் திகதி மட்டும் தாங்கோ."

யூடியூப்பின் கணக்கில் அந்த வீடியோவுக்கு வருடம் ஒக்ரோபர் ஏழில்தான் முடிகிறது. திவசம் திதிப்படி என்பதால் பதினொரு நாள் முந்தி, செப்ரெம்பர் இருபத்தாறிலேயே வந்துவிட்டது. ஒக்ரோபர் ஏழுக்குப் பிறகு சுபாஜினியின் மணித்தியாலங்கள் நாளுக்கு நாள் கழிந்துபோகும். செத்தவீடு நடந்த கிழமையில்தான் அதிகம் பார்த்திருந்தார்கள். அவள் அதை இப்போதே எடுக்கவேண்டும். அவன் அதை இப்போதுதான் வைத்திருக்கவேண்டும்.

"இருபது," என்றாள் சுபாஜினி. பேரம் பேசும் தெம்பு அவளிடம் இல்லை. "அதுக்குப் பேந்து இல்லை, அண்ணை."

அடுத்த பன்னிரண்டு நாளும் அவன் விடிய எழும்பியதும் மரண அறிவித்தல்களைப் பார்த்தான்.

"சனம் சாகவேணுமெண்டு நல்லூரானுக்கு நேர்த்தி வையுங்கோவன்," என்றாள் துஷாந்தினி, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு.

"விசர்க்கதை கதையாதை."

"நான் கதைக்கிறது விசர். நீங்கள் பாக்கிறது என்ன, பஞ்சாங்கமோ?"

குருநகரில் கனிசியஸ் என்ற வள்ளக்காரர் காலமானார். வீட்டுச் செபம், கோயிற் பூசை, சேமக்காலையில் அடக்கம் என்று ஐந்தரை மணித்தியாலம். சவப்பெட்டிக்கு முன்னால் நடந்து நடந்து எடுத்ததில் பிரகலாதனின் செருப்பு வார் அறுந்தது. அந்தக் குடும்பம் இத்தாலியிலும் பிரான்சிலும் பரந்து கிடந்தது; அறுபது மணித்தியாலம் ஏறியது. அரியாலையில் நடந்த செத்தவீட்டைத் தங்களுக்கு மட்டும் இரகசிய இணைப்பில் தரச் சொன்னார்கள். அதில் ஒன்றும் ஏறவில்லை. இடையில் சென்ற வருடத்து ஒரு பூப்புனித நீராட்டு விழா கணக்கிலிருந்து கழிந்து, ஏறியதில் ஏழு மணித்தியாலத்தைக் கொண்டுபோனது. பிறகு நாலும் ஐந்துமாக ஊர்ந்து, இருபதாந் திகதி பின்னேரம் எண் மூவாயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தேழில் நின்றது.

ஐந்து மணிக்குச் சுபாஜினி ஸ்ரூடியோவுக்கு வந்தாள். இந்த முறை கதிரையில் இருந்தாள்.

"பதின்மூண்டு குறையுது," என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்னரே. "இரண்டு நாள். கூடினால் மூண்டு."

"பெரியண்ணாவுக்கு நாளைக்கு ரிக்கெற் போடவேணுமாம். எடுத்தாச்சோ எண்டு காலமையும் கேட்டவர்." மடியில் இருந்த பையின் வாரைச் சுற்றினாள். "நேற்று லீவு. முழுக்கப் போட்டுப் பாத்தனான். ஆறு மணித்தியாலமும். ஆக்கள் அனுப்புற அந்தத் துண்டைத்தான் இவ்வளவு நாளும் கண்டிருக்கிறன்."

பிரகலாதனே அதை முழுதாகப் பார்த்ததில்லை.

"நான் ஒருக்காலும் கதிரையிலை இருக்கேல்லை, அண்ணை. ஐயருக்குத் தண்ணி குடுக்கிறன், ஆக்களுக்குக் கதிரை இழுக்கிறன், வாழையிலை தேடுறன். ஆறு மணித்தியாலத்திலை ஆரும் என்னை இரு எண்டு சொல்லேல்லை. பேந்து கத்துறன். கத்தேக்கை எல்லாரும் பின்னாலை போகினம். நீங்கள் மட்டும் கிட்ட வாறியள்."

அவள் குரலில் கோபம் இல்லாதது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மூண்டு நாள் வேணுமெண்டால் வைச்சிருங்கோ," என்று எழுந்தாள். "பெரியண்ணாவுக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன். எல்லாம் சமாளிச்சாச்சு, இதுவும் என்ன."

அவள் போனபின் அவன் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வீடியோவைப் போட்டான். வேகமாக ஓட்டிக்கொண்டு போக, நாலாவது மணித்தியாலத்தில் அந்த இடம் வந்தது. மூத்தவன் கேள்வியைக் கேட்கிறான். கமரா முதலில் முழுப் பந்தலையும் காட்டியபடி நிற்கிறது. சுபாஜினி வாயைத் திறந்ததும் படம் மெல்ல நெருங்குகிறது. தோள், கழுத்து, பிறகு முகம் மட்டும். மூக்கிலிருந்து வழிந்ததை அவள் புறங்கையால் துடைப்பதும் தெரிகிறது. ஆட்டம் அசைவில்லாத, கைதேர்ந்த சூம். இருபது வருடம் கலியாணங்களில் தாலி கட்டும் நேரத்துக்குப் பழகிய விரல் அது.

முன்பு வீடியோவை மறைக்கச் சொல்லி வந்த குடும்பங்களிடம் அவன் ஒரு கதை சொல்வான்: ஊரில் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று. அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நான்கு நிமிடத்தில் எந்தப் பிள்ளைக்காகக் கிட்டப் போனான் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆறே காலுக்கு அதை மறைத்தான். உறுதியாகவா என்று திரை ஒரு தடவை கேட்டது. ஓம் என்று அமத்தினான். சுபாஜினிக்கு "எடுத்தாச்சு" என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

வீட்டில் துஷாந்தினி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவிலை நிக்குது?" என்று கேட்டாள்.

"இன்னும் மாறேல்லை. மறைச்சது கணக்கிலை தெரிய இரண்டு நாள் செல்லும்."

உண்மையில் இரண்டு நாளும் அது மாறாமல் நின்றது. மூன்றாம் நாள் காலை இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்துநாலு என்று காட்டியது. துஷாந்தினி எட்டிப் பார்த்தாள். ஒரு பகிடியும் விடவில்லை. தேத்தண்ணிக்குள் இன்னொரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி அவனிடம் கொடுத்தாள்.

பத்து மணிபோல் சுபாஜினி தொலைபேசியில் வந்தாள்.

"பெரியண்ணா ரிக்கெற் போட்டிட்டார். சின்னண்ணாவுக்குச் சுவிஸிலையிருந்து வரேலாதாம். திவசத்தை லைவிலை காட்டச் சொல்லுறார். வெளியாலை போடாமல், வீட்டுக்காரருக்கு மட்டும்."

ஒருவருக்கும் தெரியாத இணைப்பில் போவது. ஒரு நிமிடம்கூடக் கணக்கில் ஏறாது.

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டான்.

"ஐயர் ஒன்பதுக்கு வாறார். பெரியண்ணா இந்தமுறை முதல் நாளே வந்திடுவார். உங்களை மினக்கெடுத்த மாட்டார். தூரத்திலை நிண்டு எடுங்கோ, அண்ணை."

"ஓம். நீங்களும் ஒரு கதிரையைப் போட்டு இருங்கோ."

அவள் சிரித்த மாதிரிக் கேட்டது.

"இருந்தால் ஆர் சமைக்கிறது?" என்றாள்.