மேஸ்திரி சாப்பிடவில்லை

மில்லில் பகலெல்லாம் மேஸ்திரியிடம் ஏச்சு வாங்குகிறவன் என்பதால், ஐயாதுரை தன் வெள்ளை ராஜபாளையம் நாய்க்கு மேஸ்திரி என்றே பெயர் வைத்திருந்தான். "மேஸ்திரி, உக்காரு" என்று ஒரு சத்தம் போட்டு, அது உட்கார்ந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

தொண்ணூற்றொன்றில் முதலாளி மில்லை இழுத்துப் பூட்டினார். நூல் விலை சரியில்லையாம். வீட்டில் கஞ்சி ஒருவேளைக்குச் சுருங்கியது. நாயின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஐயாதுரையின் விலாவும்தான் தெரிந்தது. அதற்கு இரக்கப்பட ஆளில்லை.

நாய்க்கு ஆள் இருந்தது. அதே முதலாளி ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம், பிராணிகள் காப்பகம் திறந்தார். வளர்க்க முடியாதவர்கள் கொண்டுவந்து விடலாம், தினமும் கறிச்சோறு என்று மைக் கட்டிச் சொன்னார்கள். நாயும் கையுமாக வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவர் மில் ஆட்கள். ஐயாதுரையும் நின்றான். விட்டுவிட்டு வந்து, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றான். இரண்டு கண்ணிலுமா என்று மனைவி பரிபூரணம் கேட்கவில்லை.

சில நாளில் காப்பக மேனேஜர் ஞானதுரை ஆள் அனுப்பினார். நாய் பட்டினி. ஒரு கைச் சோற்றில் வளர்ந்த ராஜபாளையம் நாய் வேறு கை வைத்ததை மோந்தும் பார்க்காது. மதராஸ்காரரான ஞானதுரைக்கு அது தெரியாது. ஐயாதுரைக்குத் தெரியும், ஆனால் பசி வந்தால் வளைந்து கொடுக்கும் என்று நாயையும் தன்னைப்போல் நினைத்துவிட்டான்.

அன்று முதல் தினமும் ராஜபாளையத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய், கறிச்சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, கையை மட்டும் மோந்துகொண்டு வீடு திரும்பினான். இதையே எனக்கு வேலையாகப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். ஆள் எடுப்பதில்லை என்றார் ஞானதுரை. அப்படியென்றால் நாயைக் கொடுங்கள் என்றான். வேலையில் இருப்பவருக்குத்தான் நாயைக் கொடுப்போம், அதுதான் இங்கே சட்டம் என்றார்.

பரிபூரணம் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள். "மில்லுல கூலி குடுத்து வேல வாங்குனாரு. இப்பம் சும்மாவே வாங்குதாரு. நீங்களும் தெனம் சைக்கிள்ல போயிக் குடுத்துட்டு வாரீய."

ஒருநாள் முதலாளி போட்டோக்காரரோடு காப்பகத்துக்கு வந்தார். சட்டியைத் தானே பிடித்து மேஸ்திரி முன்னால் நீட்டினார். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞானதுரை ஓடிவந்து ஐயாதுரையின் காதைக் கடித்தார்: ஓரமாக நின்று அதைச் சாப்பிடச் சொல்ல வேண்டும், படத்தில் மட்டும் விழுந்துவிடக் கூடாது.

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் ஐயாதுரை. அன்று தேடிப் பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை.

"மொதலாளி, இவனுக்கு நீங்க சோறு போட வேண்டாம். மில்லத் தெறங்க. இவனுக்கு நாங்க போட்டுக்கிடுவோம்."

போட்டோக்காரர் காமிராவை இறக்கினார். ஐயாதுரை சங்கிலியை அவிழ்த்து, "மேஸ்திரி, வா" என்றான். சட்டம் என்று ஆரம்பித்த ஞானதுரை, நாயின் பல்லைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்து, முதலாளி கையில் அந்தரத்தில் நின்ற கறிச்சோற்றுச் சட்டியையும் வாங்கிக்கொண்டான். இத்தனை நாள் பார்த்த வேலைக்கு அது கூலி.