கடைசி வரி

முதல் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள். மரம் அறுத்து விற்கும் மரக்காலையின் முதலாளியைக் கொன்றது அவருடைய கூட்டாளிதான், கையில் விலங்கும் போட்டாயிற்று. இனி இருநூறு பக்கம் எதற்கு என்று எரிச்சலில் புத்தகத்தை மூடப் போனேன். கொடுத்தது என்னோடு படிப்பிக்கும் சிவரூபி ரீச்சர். யாழ்ப்பாணத்துக்காரி. "முதல்ல குழப்பமாத்தான் இருக்கும், விடாம வாசியுங்கோ" என்று சொல்லியிருந்தார். அவருக்காகத்தான் தொடர்ந்தேன்.

கதை பின்னோக்கிப் போகிறது. இரண்டாம் அத்தியாயம் கைதுக்கு முந்தின நாள், மூன்றாவது அதற்கும் முந்தின நாள். துப்பறிகிறவர் ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: இதற்கு முன்னால் என்ன நடந்தது? காலையில் அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்கு ரயிலில் போகும்போது ஓர் அத்தியாயம், திரும்பும்போது ஓர் அத்தியாயம் என்று வாசித்தேன்.

அந்த வாரம்தான் கல்யாணக் கார்டு தபாலில் வந்தது. கொஸ்லந்தையில் இருக்கும் என் அண்ணன் மரியநாயகத்தின் மகள் கேஷானிக்கு அடுத்த சனிக்கிழமை கல்யாணம். எங்கள் பக்கம் சொந்த அத்தைக்குக் கார்டைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள். வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். தபாலில் வந்தால், வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று அர்த்தம். கேஷானியைத் தூக்கி வளர்த்தவள் நான். போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அண்ணன் என்னோடு பேசி மூன்று வருஷமாகிறது. ரயிலில் சும்மா இருக்க முடியாமல் எங்கள் சண்டையையும் அந்தப் புத்தகம் மாதிரியே பின்னோக்கி வாசித்துப் பார்த்தேன்.

பேச்சு நின்றது அம்மாவின் ஏழாம் நாள் பூசையன்று. கோயில் வாசலில் வைத்து அண்ணன் கேட்டார். "அம்மாவுக்கு மகனே இல்லையா?" நானும் விடவில்லை. "நான் ஒழுங்காத்தான் எழுதிக் குடுத்தேன். பிரஸ்காரன்கிட்ட போய்க் கேளுங்க" என்றேன்.

இதற்கு முன்னால்? அடக்கத்தன்று அண்ணன் அப்புத்தளை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, சுவரில் ஒட்டியிருந்த அம்மாவின் மரண அறிவித்தலில் அவர் பெயர் இல்லை. மகள் என்று நான் இருந்தேன், மருமகன் இருந்தார், பேத்தி கேஷானிகூட இருந்தாள். கடைக்காரர்கள் அவரைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்த்தார்களாம்.

இதற்கு முன்னால்? நான் எழுதிக் கொடுத்த தாள். அதில் அண்ணன் பெயர் இருந்தது, சத்தியமாக இருந்தது. மூத்த மகன்தான் ஊருக்குச் சாவு சொல்ல வேண்டும் என்பதால், அவர் பெயரை மேலே பிள்ளைகளோடு சேர்க்காமல், கடைசியில் தனியாகப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். தகவல்: மகன் மரியநாயகம்.

நான் எழுதிய தாளுக்கும் அச்சான தாளுக்கும் நடுவில் ஒரு நாள்கூட இல்லை, ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை நான் இதுவரை வாசித்ததே இல்லை. பெண்களோடு சேர்ந்து அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. யாரோ என் காதில் வைத்துப் பிடித்தார்கள். "அக்கா, தாள்ல எடம் பத்தல. கடைசி வரிய எடுத்துரவா?" ஈரக் கையோடு நான் சொன்னேன். "எதையாவது எடுங்க, சீக்கிரம் அடிச்சுக் குடுங்க."

ரயில் தியத்தலாவையில் நின்றிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருஷமாக ஊரெல்லாம் அந்தப் பிரஸ்காரனைத் திட்டியிருக்கிறேன்.

புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். அதில் கொலையும் இல்லை, துப்பும் இல்லை. மரக்காலை திறந்த முதல் நாள். முதலாளியும் கூட்டாளியும் ஒரு வடையைப் பிய்த்துப் பாதிப் பாதியாகத் தின்கிறார்கள். அவ்வளவுதான் கதை. சிவரூபி ரீச்சர் மேல் கோபம்கூட வந்தது.

அப்புத்தளை ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார்.

"அண்ணே, ஜெபமலர் பேசுறேன். அந்த நோட்டீஸ்ல ஒங்க பேர எடுக்கச் சொன்னது நான்தான். பிரஸ்ல கேட்டாங்க, நான் யோசிக்காம சரின்னுட்டேன். இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு."

"தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"பிரஸ்காரன்கிட்ட கேளுங்கன்னு நீதானே சொன்ன. மறுநாளே போய்க் கேட்டேன்."

"அப்பறம் ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார் அண்ணன். "நாளைக்கு வீட்ல இரு. அண்ணியும் நானும் தட்டு எடுத்துக்கிட்டு வர்றோம்."